வட்டவளை ஸ்டேஷனில் என் மாமியார்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புத்தர் பிறந்த நாளான வெசாக் பௌர்ணமியன்று, இலங்கை மலைநாட்டில் வட்டவளை என்ற சின்ன ஊரின் ரயில் நிலையத்தில் என் மாமியாரைத் தொலைத்தேன். தொலைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நான் போய்ச் சேருவதற்குள் ஊர்க்காரர்கள் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்சிக்காரி, கணக்கு டீச்சர். ஹட்டனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து, நாற்பத்தாறு வயதில் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். வெளிநாடு என்று பெயர்தான். திருச்சியில் விமானம் ஏறி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிடும். ஆனால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நான் என்னவோ வடதுருவத்துக்குப் போன மாதிரி. "வீட்டுக்காரர் இங்கே, பொண்ணு ஹாஸ்டல்ல, இவ மட்டும் இலங்கையில என்ன பண்றா?" என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். என் மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டினால் சமாளித்துவிடுவேன். பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கை கால் ஓடாது.

வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எனக்குச் சின்னதாக ஒரு வாடகை வீடு. முன்னால் மலை, பின்னால் மலை, மேலே மழை. அங்கே பெய்கிற மழைக்குக் குடை என்பது மனசுக்கு ஓர் ஆறுதல், அவ்வளவுதான். தினமும் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவேன்.

வந்த புதிதில் என்னை அசர வைத்தது அந்த ஊர் விடுமுறைகள்தான். நம் ஊரில் ஒரு லீவு வேண்டுமென்றால் யாராவது தலைவர் பிறந்திருக்க வேண்டும். இங்கே நிலா முழுசாக இருந்தாலே போதும். மாதா மாதம் பௌர்ணமிக்குப் பள்ளிக்கூடம், ஆபீஸ், வங்கி எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். போயா என்று அதற்குப் பெயர். "நிலாவுக்கெல்லாம் லீவா? நல்லா இருக்கே பொழப்பு" என்று என் வீட்டுக்காரர் போனில் கேலி செய்வார். பொறாமைதான், வேறென்ன.

இந்தப் போயாதான் என்னை வம்பில் மாட்டிவிட்டது. எங்கள் வீட்டில் பௌர்ணமி விரதம் உண்டு. பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, சாயங்காலம் நிலாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கை நனைக்க வேண்டும். என் மாமியார் முப்பது வருடமாக ஒரு மாதம்கூட விட்டதில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக் காலையிலும் வீடியோவில் கூப்பிடுவார். "விரதமாம்மா?" என்பார். "ஆமா அத்தை" என்பேன். முதல் மாதம் உண்மையாகத்தான் சொன்னேன். இரண்டாவது மாதம் வானம் முழுக்க மேகம், நிலா எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. காத்திருந்து காத்திருந்து கண் இருட்டியதுதான் மிச்சம். வட்டவளை மழையில் நிலாவை எங்கே போய்த் தேடுவது என்ற நியாயம் அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்றாவது மாதத்திலிருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டே "ஆமா அத்தை" சொல்லப் பழகிவிட்டேன். தட்டைக் கேமராவுக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறீர்களா, இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்று. எனக்கு இருக்க ஆசை. மறைப்பானேன், ரொம்பவே ஆசை. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர், கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கிற பிள்ளைகள். அடுத்த வருடம் அவர்களுக்குப் பெரிய பரீட்சை. கணக்கு என்றாலே காய்ச்சல் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அப்போதுதான் கரும்பலகைக்குத் தானாக எழுந்து வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வழக்கம்போல நழுவினார். "அம்மா ஒரு தடவை வந்து பாக்கட்டும். அவங்க சரின்னா எனக்கும் சரி" என்றார். ஆக, என் இரண்டு வருடம் என் மாமியார் கையில். ராமேஸ்வரத்தைத் தாண்டி எங்கும் போகாத மனுஷி, வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரே வார்த்தையில் "வர்றேன்" என்றுவிட்டார்.

அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு வயது. மாமா போய் இருபத்துமூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான், நெற்றியில் திருநீறுதான். வேறு கலர் கட்டுங்கள் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நிற்க மாட்டார். எங்கள் வீட்டு ஆல்பங்களில் அவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், சமையல்கட்டு வாசலில் பாதி முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கூச்ச சுபாவம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். அவர் காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதை நாலு தெரு தாண்டிக் கேட்கலாம் என்பது வேறு விஷயம்.

கணக்கு டீச்சர் அல்லவா, எல்லாவற்றையும் திட்டம் போட்டு வைத்தேன். எனக்கு லீவு வேண்டும் என்பதால் வெசாக் போயா அன்றைக்கு அவர் வந்து சேருகிற மாதிரி டிக்கெட். என்னோடு வேலை பார்க்கும் டீச்சரின் தங்கை கொழும்பில் இருக்கிறாள். அவள் விமான நிலையத்தில் அழைத்து, ஓர் இரவு தங்கவைத்து, காலையில் ரயிலேற்றிவிடுவாள். பதினோரு மணிக்கு ரயில் வட்டவளைக்கு வரும். அவருடைய போன் இங்கே வேலை செய்யாது என்பதால் ஸ்டேஷன் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். இங்குருஓயா, கலபொட, வட்டவளை. "நீ ஸ்டேஷன்ல நிப்பேல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். "பத்து மணிக்கே வந்து நிப்பேன் அத்தை" என்று மூன்று தடவையும் சொன்னேன். அன்றைக்கு நிஜமாகவே விரதம் இருப்பது என்றும் முடிவு செய்தேன். நேருக்கு நேர் பொய் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

அன்று காலையில் டப்பாவைத் திறந்தால் காப்பித் தூள் ஈரத்தில் கட்டிப் போயிருந்தது. என் மாமியாருக்குச் சோறு இல்லாவிட்டால் பரவாயில்லை, காப்பி இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். விரத நாளில்கூடக் காப்பி உண்டு. பால் விரதத்தைக் கெடுக்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அந்த யாரோ அவராகவே இருக்கலாம். தேயிலைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு நல்ல காப்பித் தூளுக்கு ஹட்டன்தான் போக வேண்டும். சரி, போய் வர ஒரு மணி நேரம் என்று பஸ் ஏறினேன். வெறும் வயிற்றோடு போய், தூள் வாங்கி, ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு வட்டவளை. கணக்கு சரியாக இருந்தது.

முந்தைய வெசாக்குக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அதனால் தன்சல் என்ற ஒன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை.

ஹட்டனைத் தாண்டிய முதல் வளைவிலேயே ஏழெட்டுப் பேர் கொடி பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்தார்கள். சாலை மறியல் என்றே நான் நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம், உடனே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்களோ பெரிய பெரிய தட்டுகளோடு பஸ்ஸுக்குள் ஏறி எல்லாருக்கும் அவித்த கடலை கொடுத்தார்கள். தேங்காய்ச் சில் போட்டு, மிளகாய் தாளித்து, ஆவி பறக்க. எனக்கும் நீட்டினார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வேண்டாம் என்றேன். கொடுத்தவருக்கு முகம் வாடிவிட்டது.

பக்கத்து இருக்கையில் ஓர் அக்கா, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், மடியில் மூடி போட்ட வாளியோடு உட்கார்ந்திருந்தார். என் கையைத் தட்டினார். "வாணாம்னு சொல்லாதீங்க டீச்சர். விடிய முன்ன எந்திரிச்சு அவிச்சிருக்காங்க. நம்ம வாங்கினாத்தானே அவங்களுக்குப் புண்ணியம்" என்றார். வெசாக்குக்கு ஊர் கூடிப் பணம் போட்டு, போகிற வருகிற எல்லாருக்கும் சாப்பாடு கொடுப்பார்களாம். அதுதான் தன்சல். சரி, வாங்கி வைத்துக்கொள்வோம் என்று வாங்கினேன். கொடுத்தவர் நகரவே இல்லை. நான் வாயில் போடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். ஒரே ஒரு கடலையைப் போட்டேன். போட்ட பிறகு, விரதம் போனது போனதுதானே என்று ஓர் எண்ணம் வந்தது. மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டேன்.

இரண்டு வளைவு தாண்டி இலைக்கஞ்சி. பச்சைப் பசேலென்று, கூடவே ஒரு துண்டுக் கருப்பட்டி. மணி பத்தரை. மூன்றாவது இடத்தில் மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்பலும். அங்கே டிரைவரும் கண்டக்டரும் இறங்கிப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, இலையில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். நான் போய் அவசரம் என்றேன். டிரைவர் என்னைப் பாவமாகப் பார்த்து, எனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். பக்கத்து இருக்கை அக்கா எல்லா இடத்திலும் இரண்டு பங்கு வாங்கி, ஒன்றை வாளியில் போட்டுக்கொண்டே வந்தார். கடலைக்கு மேல் கிழங்கு, கிழங்குக்கு மேல் சம்பல். "வீட்டுல நாலு பேரு இருக்காங்க டீச்சர்" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

நான்காவது தன்சல், வட்டவளைக்கு முந்தின ஊரான றொசல்லயில். கொட்டுகிற மழையில், குளிர் எலும்பைப் பிடிக்கிறபோது, ஐஸ்கிரீம் தன்சல். வரிசையாக இருபது வண்டிகள் நின்றன. எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்திய ஒரு வெள்ளை ஜீப். அதில் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு பெரிய மனிதர், இரண்டு கையிலும் இரண்டு கப் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கப் வந்தது. பதற்றத்தில் பாதியைப் புடவையில் கொட்டிக்கொண்டேன். அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கீழே தண்டவாளத்தில் ஒரு ரயில் ஹட்டனைப் பார்த்து ஏறிப் போனது.

வட்டவளையைத் தாண்டிவிட்டுத்தான் றொசல்லவுக்கு ரயில் வரும். மணி பதினொன்று இருபது. அதாவது என் மாமியார் இறங்கியாகிவிட்டது. இல்லையென்றால் இறங்காமல் இதோ என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார். இரண்டில் எது மோசம் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அதே நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். "அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்றேன்.

அடுத்த அரை மணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, வயிற்றில் ஒன்றும் இல்லாத எழுபத்திரண்டு வயது மனுஷி, கொட்டுகிற மழை. பத்து மணிக்கே வந்து நிற்பேன் என்று மூன்று தடவை சொன்னவள் நாலு இடத்தில் விருந்து சாப்பிட்டுக்கொண்டு வருகிறாள். கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

வட்டவளையில் பஸ் நிற்பதற்குள் குதித்து ஓடினேன். பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ஸ்டேஷன் அறைக்குள் எட்டிப் பார்த்தால் மாமியாருடைய பெட்டி, மேலே மஞ்சள் பை. ஆள் இல்லை. என் முகத்தைப் பார்த்த ஸ்டேஷன்காரர் ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டினார்.

எதிர்ப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சுற்றிக் கொடிகள், காகிதத்தில் செய்த வெசாக் விளக்குக் கூடுகள், உள்ளே பெரிய பெரிய சட்டிகளில் சோறும் கறியும், வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு நீண்ட வரிசை. நடுவில் வெள்ளைத் துணி விரித்த ஒரு நாற்காலி. அதில் என் மாமியார். இரண்டு பெண்கள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ பல் பிடுங்க உட்காரவைத்த மாதிரி நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "எங்கம்மா போனே? இவங்களுக்கு என்ன வேணும்னு கேளு" என்றார்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்தான் எனக்கு விளக்கினார். நாற்பது வயதுத் தமிழர், என்னைத் தினமும் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறவர். போயா நாளில் பெரியவர்கள் வெள்ளை உடுத்தி, நோன்பு எடுத்து, கோயிலில் இருப்பார்கள். அப்படி இருக்கிறவர்களை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் கும்பிடுவார்கள். ரயிலிலிருந்து வெள்ளைப் புடவையும் திருநீறுமாக ஓர் அம்மா இறங்கி மழையில் நிற்பதை, எதிரே தேநீர்க்கடை நடத்தும் சிங்கள அம்மா பார்த்திருக்கிறார். குடையோடு ஓடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிடக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார் என்று ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்டதும் என் மாமியார், இன்றைக்கு விரதம், நிலா பார்த்துத்தான் சாப்பாடு என்று சொல்ல, அவ்வளவுதான். தேநீர்க்கடை அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார். நாற்காலி வந்தது, துணி வந்தது, காலில் விழ ஆள் வந்தது.

"அது மட்டும்னா பரவால்லைங்க டீச்சர்" என்றார் ஆட்டோக்காரர். "வெளக்கேத்தித் தன்சலத் தொடங்கி வைக்கத் தோட்டத்துப் பெரிய தொரையக் கூப்பிட்டிருந்தோம். அவரு இன்னும் வரல. பன்னெண்டுக்குள்ள ஏத்தணும், அதுக்கப்புறம் நேரம் சரியில்ல. சனம் மழையில நிக்குது. அதான் இந்த அம்மாவையே ஏத்தச் சொல்றாங்க. அரை மணி நேரமாக் கெஞ்சுறோம், மாட்டேங்கிறாங்க."

வெள்ளை ஜீப் ஞாபகம் வந்தது. தொரை எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு றொசல்லயில் இருக்கிறார். அதை நான் சொல்லவில்லை.

"நீயே இவங்ககிட்ட எடுத்துச் சொல்லும்மா" என்றார் மாமியார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பூவும் பொட்டும் இல்லாதவ. நான் போய் இத்தனை பேர் சாப்பிடற இடத்துல முதல் விளக்கு ஏத்தலாமா? வேற யாரையாவது கூப்பிடச் சொல்லு."

ஆட்டோக்காரர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அதையும் சொல்லிட்டேங்க. அவங்களுக்கு வெளங்க மாட்டேங்குது. வீட்டுக்காரர் இல்லாததுக்கும் வெளக்குக்கும் என்னா சம்பந்தம்னு கேக்கிறாங்க. இந்தக் கடைக்கார அம்மாவுக்கும் வீட்டுக்காரர் தவறிப்போயி ஆறு வருசமாகுது. போன வருசம் அவங்கதான் ஏத்தினாங்க" என்றார்.

தேநீர்க்கடை அம்மா என்னைப் பார்த்தார். ஆட்டோக்காரர் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

எனக்கு அந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா ஞாபகம் வந்தது. எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வீடு கட்டும்போது தினமும் இரண்டு வேளை சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது மாமியார்தான். கொத்தனார்களோடு சண்டை போட்டு ஜன்னலை நேராக வைக்கச் செய்ததும் அவர்தான். விழா அன்றைக்கு விளக்கேற்ற ஐந்து சுமங்கலிகளைக் கூப்பிட்டேன், அதில் இரண்டு பேர் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. மாமியார் சமையல்கட்டில் காஸ் சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வாங்க அத்தை, நீங்க ஏத்துங்க என்று கூப்பிட வாய் வரை வந்தது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று விழுங்கிவிட்டேன். அவருக்கே பிடிக்காது, கூச்ச சுபாவம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வெட்கமாக இருந்தது.

"ஏத்துங்க அத்தை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா சொல்றே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் அந்த எட்டு வருடமும் இருந்தது. அவருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமா அத்தை. நான்தான் சொல்றேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குக்குப் பக்கத்தில் போனார். தேநீர்க்கடை அம்மா மெழுகுவத்தியைக் கொடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்ணைத் திறந்து திரியைப் பார்த்தவர், "இவ்வளவு தடியாத் திரி போட்டா எண்ணெய் என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லி, அதைப் பிரித்து, பாதியாக்கி, மறுபடி முறுக்கிப் போட்ட பிறகுதான் ஏற்றினார். ஆட்டோக்காரர் அதையும் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. மணி பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம்.

நான் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தால் மாமியார் அகப்பையைக் கையில் எடுத்துவிட்டார். பருப்புச் சட்டியின் பக்கத்தில் நின்று, வாயில் வைக்காமல் வாசனையை மட்டும் பிடித்து, உப்பு போதாது என்றார். போட்டார்கள். அப்புறம் சோறு குழைகிறது என்றார். தீயைக் குறைத்தார்கள். பாஷையே தேவைப்படவில்லை. சமையல்காரர்கள் நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்து, என் மாமியார் முழுசாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். ஒரு மணிக்கு மேல் வெள்ளை ஜீப் வந்தது. தொரை இறங்கி மன்னிப்புக் கேட்டார். மாமியார் அவரையும் வரிசையில் உட்காரவைத்து ஒரு தட்டு போட்டார். பாவம், அந்த மனிதர் அதற்கு முன் எத்தனை சாப்பிட்டிருந்தாரோ, மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தபோது என் பக்கம் திரும்பினார். "புடவையில என்னது?" என்றார்.

"ஐஸ்கிரீம் அத்தை."

"விரதத்துலயா?"

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலு தன்சல் கதையையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த வேகத்தில், மாதா மாதம் சாப்பிட்ட தோசைகளையும் சொல்லிவிட்டேன். கேமரா, தட்டு, எல்லாவற்றையும்.

"தெரியும்" என்றார் மாமியார். "தோசை திருப்புற சத்தம் போன்ல நல்லாக் கேக்கும். தனியாக் கெடக்கறவ ஒழுங்கா சாப்பிட்டா சரின்னு விட்டுட்டேன்."

அவர் ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு, பருப்பு ஊற்றி, அப்பளம் வைத்து நீட்டினார். வயிற்றில் கடுகு விழ இடமில்லை. "வேண்டாம்னு சொல்லிடுவியா?" என்றார். உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். அன்றைய என் ஐந்தாவது தன்சல் அது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காப்பி போடலாம் என்று பையைத் தேடினால், காப்பித் தூள் பஸ்ஸோடு போய்விட்டிருந்தது. கருப்பட்டி கடித்துக்கொண்டு சாயம் குடித்தார், பாலில்லாத தேநீர். "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து காப்பி அல்லாத ஒன்றுக்கு அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இருட்டியதும் வழக்கம்போல நிலாவைக் காணோம், மேகம்தான். ஆனால் கீழே ரோடு முழுக்க வெசாக் கூடுகளில் விளக்கு எரிந்தது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "பௌர்ணமின்னு ஊருக்கே தெரியுது. எனக்கு மட்டும் தனியா வேற வந்து காட்டணுமா?" என்று உள்ளே வந்து, தேநீர்க்கடை அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நிலா பார்க்காமல் சாப்பிட்டார்.

அப்புறம் மகனுக்குப் போன் போடச் சொன்னார். நான் பக்கத்து அறைக்குப் போய் நின்றுகொண்டேன், ஆனால் காது முழுக்க அங்கேதான். "அவ இருக்கட்டும்டா. அந்தப் பிள்ளைங்களுக்குப் பரிட்சை இருக்காமே, முடிச்சுட்டு வரட்டும்" என்றார். கூடவே, "அடுத்த வெசாக்குக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடு. இங்க உப்பு போட ஆள் இல்ல" என்றார்.

சொன்ன மாதிரியே அடுத்த வருடமும் வந்தார். ஆட்டோக்காரர் முதல் வருடம் தன் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கித் திருச்சி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். விளக்குக்கு முன்னால், நட்ட நடுவில் மாமியார். ஓரத்தில் பாதி முகமும், புடவையில் ஐஸ்கிரீம் கறையுமாக நான். எட்டு வருடத்துக்கு முன் என் வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தையைச் சொல்ல, நான் கடல் தாண்டி வந்து, நாலு இடத்தில் சாப்பிட்டு, நேரம் தவறிப் போய்ச் சேர வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், சமையல்கட்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் விளக்குப் பக்கம் போகிறேன்.